எரிகல் விழுந்தால் வயல் எரியுமா?

கேள்வி – பதில்

திருச்செந்தூர் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் வாழை வாடல் நோயும் முருங்கைப் பூ உதிர்வும் வழக்கம்போல இருந்தன. அவற்றுக்கான பதில்கள் அடுத்த இதழில் வரும். மீதிக் கடிதங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: வானத்திலிருந்து விழுவது என்ன, விழுந்தால் என்ன செய்வது? குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் எழும்பி வரும் நேரத்தில் இப்படிக் கேட்பது இயல்புதான். ஒரு கடிதத்தில் மட்டும் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. எனவே முதலில் அது.

"விடியற்காலையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது தெற்கே நெருப்பு உருண்டை ஒன்று இறங்கியது. இரண்டு நாள் கழித்து வரப்பில் கனமான கறுப்புக் கல் கிடைத்தது. காந்தம் ஒட்டுகிறது. வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, 'இது இரிடியம் உள்ள வானக்கல், கோடிக்கணக்கில் போகும். சோதனைக் கட்டணம் ஐம்பதாயிரம் கட்டினால் ஆள் வரும்' என்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம் இருக்கிறது. கட்டலாமா?"
– வாழை விவசாயி, திருச்செந்தூர் வட்டம்

கட்டவே கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அந்தப் பணம் மகளின் படிப்புக்கே போகட்டும்.

இரிடியம் என்ற உலோகம் உண்மையானது. விண்கற்களில் அது இருப்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அந்த ஆள் சொல்லமாட்டார். சாதாரணக் கல் வகை எரிகல் ஒன்றில், ஒரு டன்னுக்கு ஏறக்குறைய அரை கிராம் இரிடியம் இருக்கும். உங்கள் கல் பத்துக் கிலோ என்று வைத்துக்கொண்டாலும், அது உண்மையான எரிகல்லே ஆனாலும், உள்ளே இருப்பது சுமார் ஐந்து மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடையில் கால் பங்கு. அதைப் பிரித்தெடுக்க ஆகும் செலவுக்கு அந்த உலோகத்தின் விலை காணாது.

தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி இது. 'இடி விழுந்த கலசம்', 'அரிசியை இழுக்கும் செம்பு', 'இரிடியம் சொம்பு' என்று ஊருக்கு ஒரு பெயரில் வரும். இரிடியம் காந்தம் அல்ல, அரிசியையும் இழுக்காது. அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, பாத்திரத்துக்குள் காந்தத்தை மறைத்துவைத்து வேடிக்கை காட்டுகிறார்கள். பிறகு சோதனைக் கட்டணம், பாதுகாப்பு உடைக்குப் பணம், ரிசர்வ் வங்கி அனுமதி என்று போலிக் கடிதம் என ஒவ்வொன்றாகக் கறப்பார்கள். நிலத்தை விற்றுக் கொடுத்தவர்களும் உண்டு. முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பிவிட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இனி கல்லுக்கு வருவோம். காந்தம் ஒட்டுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. குதிரைமொழித் தேரியின் செம்மணலில் காந்தத்தைப் புரட்டிப் பாருங்கள், கறுப்புப் பொடி ஒட்டும். கடற்கரைக் கருமணலிலும் அப்படித்தான். அதெல்லாம் இந்த மண்ணிலேயே பிறந்த இரும்புத் தாதுக்கள். பழைய கொல்லுப்பட்டறைக் கசடும் கறுப்பாக, கனமாக, காந்தம் ஒட்டும்படி இருக்கும். ஆனால் கசட்டில் குமிழி வெடித்த பொத்தல்கள் இருக்கும். எரிகல்லில் அநேகமாக அவை இருக்காது. எரிகல்லின் மேல் முட்டை ஓடு போல மெல்லிய கறுப்புத் தோல் படிந்திருக்கும். சிலவற்றில் பிசைந்த மாவில் கட்டைவிரலால் அழுத்தியது போன்ற குழிகள் தெரியும். ஓரம் உடைந்திருந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில், நடுநடுவே உலோகப் பொட்டுகள் மின்னும். இந்த அடையாளங்கள் இருந்தால் முறையாகக் காட்டிப் பார்க்கலாம். யாரிடம் என்பது கடைசியில் இருக்கிறது.

"எரிகல் நெருப்பாகத்தானே வருகிறது? வைக்கோல் போரிலோ ஓலைக் கூரையிலோ விழுந்தால் தீப்பற்றாதா?"
– ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பலருக்கும் உள்ள பயம் இது. நெருப்பு மேலேயே அணைந்துவிடுகிறது என்பதுதான் பதில்.

விண்வெளியில் சுற்றும் கற்கள் பூமியின் காற்றுக்குள் நுழையும்போது விநாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் வருகின்றன. சில 70 கிலோமீட்டரைத் தாண்டும். விநாடிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு இரண்டே விநாடி. அந்த வேகத்தில் முன்னால் இருக்கும் காற்றுக்கு விலக நேரம் கிடைப்பதில்லை. கல்லின் முகப்பில் அது அமுங்கிக் கொதிக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அதே காரணம்தான். உரசல் மட்டும் என்று நினைக்கிறோம். காற்று அமுங்குவதால் வரும் சூடுதான் பெரும்பங்கு. அந்தச் சூட்டில் கல்லின் மேற்பரப்பு உருகி வழிந்து, ஆவியாகிப் பின்னால் போகிறது. சுற்றியுள்ள காற்றும் சேர்ந்து ஒளிர்கிறது. அந்த ஒளியைத்தான் எரிவெள்ளி, எரிநட்சத்திரம் என்கிறோம்.

இரவில் கோடு கிழிப்பவற்றில் பெரும்பாலானவை மணல், கடுகு அளவுத் துகள்கள். 120 முதல் 80 கிலோமீட்டர் உயரத்துக்குள் அவை கரைந்துபோகின்றன. சற்றுப் பெரிய கல்லாக இருந்தால் கீழே வரை பிழைத்து வரலாம். ஆனால் காற்று அதன் வேகத்தைத் தின்றுவிடும். பெரும்பாலும் 20, 30 கிலோமீட்டர் உயரத்திலேயே ஒளி நின்றுவிடும். அதன் பிறகு அது எறிந்த கல் மாதிரி, இருட்டில் சில நிமிடம் குளிர்ந்த காற்றின் வழியே விழுகிறது.

சூடு பிடித்த நேரமோ சில விநாடிகள்தான். சீனிக்கிழங்கை நெருப்பில் கண நேரம் காட்டி எடுத்தால் தோல் மட்டும் கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும் அல்லவா? கல்லும் அப்படியே. உருகிய தோல் மேலேயே வழிந்துபோக, விண்வெளிக் குளிரில் கிடந்த உட்பகுதி குளிர்ச்சியாகவே தரைக்கு வருகிறது. வந்து விழும் சின்னக் கல் வைக்கோலைக் கொளுத்துவதில்லை. தொட்டால் இளஞ்சூடாகவோ குளிர்ச்சியாகவோதான் இருக்கும்.

உங்கள் ஓலைக் கூரைக்கு வானத்திலிருந்து வரும் உண்மையான எதிரி மின்னல். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னலால் சாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். இடி கேட்டால் தனிப் பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். எரிகல்லுக்குப் பயப்படும் பயத்தில் பாதியை மின்னலுக்குப் பயப்பட்டால் உயிர் தப்பும்.

"கடலில் வலை போட்டிருந்தபோது பக்கத்துப் படகுக்குப் பின்னால் நெருப்பு விழுந்தது. தேடிப் போனால் கல் கிடைக்குமா?"
– மீனவர், வீரபாண்டியன்பட்டினம்

கிடைக்காது, எண்ணெய் செலவுதான் மிஞ்சும். பக்கத்தில் விழுந்தது போலத் தெரிவது கண்ணின் ஏமாற்று. 80 கிலோமீட்டர் உயரத்தில் எரிவதைப் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் பார்க்கலாம். கொழும்பு திருச்செந்தூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். கொழும்புக்கு மேல் அந்த உயரத்தில் ஓர் எரிகல் ஒளிர்ந்தால், கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்திலிருந்து இரண்டு கைமுட்டி உயரத்துக்குள்தான் தெரியும். அது கீழிறங்கும்போது கடலில் மூழ்குவது போலவே இருக்கும்.

அருகில் விழுந்ததா என்பதை ஒலியை வைத்து ஓரளவு சொல்லலாம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். 30 கிலோமீட்டர் உயரத்தில் கல் வெடித்திருந்தால் ஒளி தெரிந்து ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் இடி கேட்கும். ஒளி மட்டும் தெரிந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்றால் அது வெகுதூரத்தில் நடந்தது.

இந்த இடைவெளி சிறிய விஷயம் அல்ல. 15-2-2013 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல், 20 மீட்டர் அளவுள்ள விண்கல் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. சூரியனைப் போன்ற ஒளியைக் கண்டு மக்கள் என்னவென்று பார்க்க ஜன்னலோரம் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் அதிர்வு அலை வந்து கண்ணாடிகளை உடைத்தது. சுமார் 1,500 பேர் காயம்பட்டார்கள். கல் மேலே விழுந்து அல்ல, பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். கண்ணைக் கூசவைக்கும் ஒளியை வானத்தில் பார்த்தால் ஜன்னலை விட்டு விலகி நில்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

"நம் பக்கத்தில் எப்போதாவது எரிகல் விழுந்திருக்கிறதா?"
– பள்ளி மாணவி, உடன்குடி

விழுந்திருக்கிறது. 28-2-1857 அன்று அன்றைய மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்ந்து 77 கிலோவுக்கு மேல். ஆங்கிலேயர் அதை எழுதிவைத்த பெயர் 'பர்னல்லி'. பதிவில் குறித்திருக்கும் இடத்தை வரைபடத்தில் பார்த்தால் அது இன்றைய ராமநாதபுரம் மாவட்டம், பெருநாழிப் பக்கம் வருகிறது. திருச்செந்தூருக்கு வடக்கே, நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள். அந்தக் கல்லின் துண்டுகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்றும் விஞ்ஞானிகள் அவற்றை ஆராய்கிறார்கள். இவ்வகைக் கற்களுக்கு வயது சுமார் 450 கோடி ஆண்டு. பூமி உருவான காலத்து மண் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அண்மையில் விழுந்தவற்றில் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது முகுந்துபுரா. 6-6-2017 அன்று அதிகாலையில் ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்கு அருகே அந்த ஊரின் வயலில் சுமார் இரண்டு கிலோ கல் விழுந்தது. அது உண்டாக்கிய குழி முழ அகலமும் சாணுக்கும் குறைந்த ஆழமும்தான். வயல் எரியவில்லை. அது கரிமச் சத்தும் நீர் கலந்த கனிமங்களும் உள்ள அரிய வகைக் கல். 17-8-2022 அன்று குஜராத்தின் தியோதர் பகுதியில் விழுந்த கல் ஒன்று வேப்பங்கிளையில் பட்டுத் தரையில் சிதறியது. இரண்டு இடத்திலும் ஊர்க்காரர்கள் தகவல் சொன்னதால்தான் கல் ஆய்வுக்குப் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் இன்னொரு சம்பவம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 6-2-2016 அன்று நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரும் சத்தத்துடன் வெடிப்பு நிகழ்ந்து பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். சிலர் காயமடைந்தார்கள். விண்கல் விழுந்தது என்று முதலில் அறிவிக்கப்பட்டது. அது உறுதியாகியிருந்தால், அறிவியல் முறையில் உறுதிசெய்யப்பட்ட முதல் எரிகல் மரணமாக அது ஆகியிருக்கும். ஆனால் இணையத்தில் வந்த படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். சின்னக் கல் வேகம் இழந்து குளிர்ந்து விழும் என்று மேலே பார்த்தோம். அப்படிப்பட்ட கல் குண்டு போல வெடிப்பதில்லை. எனவே எங்காவது வெடிச்சத்தமும் குழியும் கண்டால் 'எரிகல்' என்று நெருங்கிப் போகாதீர்கள். வெடிமருந்தாக இருக்கலாம். போலீசுக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

"குலசையில் ராக்கெட் விடத் தொடங்கினால் அதன் துண்டுகள் எங்கள் தோட்டத்தில் விழுமா? எரிகல்லா, ராக்கெட் துண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"
– முருங்கை விவசாயி, சாத்தான்குளம் பகுதி

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 28-2-2024 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய செயற்கைக்கோள்களை ஏவும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளுக்கான தளம் அது. அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணமே திசைதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடலுக்கு மேல் போகலாம். கழன்று விழும் அடுக்குகளும் கடலில்தான் விழும்படி பாதை வகுக்கப்படுகிறது. எனவே தோட்டத்தைவிட இது மீனவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். ஏவும் நாளில் எந்தக் கடல் பகுதிக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு முன்கூட்டியே வரும். அதைத் தட்டாதீர்கள்.

உலகின் வேறு நாடுகள் அனுப்பிய ராக்கெட் மிச்சங்கள் எங்கும் விழக்கூடும். 2-4-2022 இரவு மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் மூன்று மீட்டர் அகல உலோக வளையமும் உருண்டைகளும் கிராமங்களில் விழுந்தன. சீன ராக்கெட் ஒன்றின் மிச்சம் அது என்று கருதப்பட்டது.

வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி நேரம். எரிகல் ஓரிரு விநாடியில், மிஞ்சினால் சில விநாடியில் முடிந்துவிடும். ராக்கெட் மிச்சம் அதைவிட மெதுவாக, சாய்வாக வரும். அரை நிமிடம், ஒரு நிமிடம்கூட வானத்தைக் கடக்கும். பல துண்டுகளாக வரிசை பிடித்து ஊர்வது போலத் தெரியும். தரையில் கிடைப்பது உருண்டையாக, வளையமாக, ஆணி துளைத்த தகடாக, நார் சுற்றியதாக இருந்தால் அது மனிதன் செய்தது. கையால் தொடாதீர்கள். சில ராக்கெட் எரிபொருள்கள் கொடிய விஷம். மாட்டையும் அந்தப் பக்கம் மேய விடாதீர்கள். காயலான் கடைக்குப் போட நினைக்கவே வேண்டாம்.

"எரிகல் தூசி மண்ணுக்கு உரமா, விஷமா? 2029-இல் பெரிய கல் மோதி உலகம் அழியும் என்கிறார்களே?"
– குரும்பூர் வாசகர்

முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். விண்வெளியிலிருந்து ஒவ்வொரு நாளும் பல பத்து டன் தூசி பூமிக்கு வருகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். நாளுக்கு 50 டன் என்று கொண்டு பூமி முழுவதற்கும் பரப்பினால், ஒரு ஏக்கருக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது ஒரு கிராமில் ஏழில் ஒரு பங்கு. உரமும் இல்லை, விஷமும் இல்லை. தொழுவுரத்தைக் குறைக்க வேண்டாம்.

இரண்டாவது, வதந்தி. அபோபிஸ் என்ற சுமார் 340 மீட்டர் அளவுள்ள விண்கல் 13-4-2029 அன்று பூமியிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து போகும். மோதாது, அதன் பாதையை அளந்து உறுதி செய்துவிட்டார்கள். பெரிய கற்கள் மோதியதே இல்லை என்பதல்ல. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி அப்படி உண்டானதுதான், கரும்பாறையில் 1.8 கிலோமீட்டர் அகலப் பள்ளம். அவ்வளவு பெரிய கல்லைக் காற்றால் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் அவை ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வருபவை. உலகம் அழியப் போகிறது என்று சொல்லி நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்பவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பயத்துக்குப் பதில் வேடிக்கை பார்க்கலாம். ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 தேதிகளின் நள்ளிரவில் எரிவெள்ளிகள் நிறைய விழும். மழை விட்டு வானம் தெளிந்திருந்தால், விளக்கு வெளிச்சம் இல்லாத தேரிக்காட்டுப் பக்கம் வயல் காவலுக்குப் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் போதும்.

கல் கிடைத்தால் செய்ய வேண்டியவை

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் ஒழுங்கு விவசாயிகளுக்குத் தெரியும். அதையே இங்கும் கடைப்பிடியுங்கள்.

1. எடுப்பதற்கு முன் கிடந்த நிலையிலேயே, குழியோடு சேர்த்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வையுங்கள்.

2. கழுவாதீர்கள், உடைக்காதீர்கள், சுடாதீர்கள், மஞ்சள் குங்குமம் பூசாதீர்கள். கடலோர உப்புக் காற்றில் எரிகல்லில் உள்ள இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சுத்தமான, ஈரமில்லாத பாலித்தீன் பையில் போட்டு மூடுங்கள்.

3. காந்தத்தை ஒட்டி ஒட்டிப் பார்க்காதீர்கள். கல் பிறந்த காலத்துக் காந்தப் பதிவு அதற்குள் இருக்கலாம். வலுவான காந்தம் அதை அழித்துவிடும்.

4. துண்டுச் சீட்டில் ஊர், சர்வே எண், தேதி, நேரம், எந்தத் திசையில் ஒளி தெரிந்தது, சத்தம் கேட்டதா, எத்தனை விநாடி கழித்து என்று எழுதிப் பைக்குள் வையுங்கள்.

5. கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ எழுத்து மூலமாகத் தெரிவித்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் விழும் எரிகற்களைச் சேகரித்துப் பாதுகாப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அதற்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. அரசு அலுவலகம் வழியாக அங்கே தகவல் போகட்டும்.

6. அரசு ஆய்வுக்கு உங்களிடம் முன்பணம் கேட்கமாட்டார்கள். கேட்டால் அவர் ஆய்வாளர் அல்ல.

வாழை விவசாயிக்கு மீண்டும் ஒரு வார்த்தை. அந்தக் கல் கொல்லுப்பட்டறைக் கசடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் வரப்பில் கிடந்ததை வரப்பிலேயே போடலாம், நட்டம் எதுவும் இல்லை. எரிகல்லாக இருந்தால், பெருநாழிக் கல்லைப் போல உங்கள் ஊரின் பெயர் அதற்குச் சூட்டப்படும். இரண்டில் எதுவானாலும் ஐம்பதாயிரம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கல்லூரிக் கட்டணத்தை முதலில் கட்டிவிடுங்கள்.